தோட்டத்தில் நிற்கும் ரோவர்: சாலைக்கு நிலம் அளக்கும் செயற்கைக்கோள் கணக்கு

கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் பக்கம் சுற்றுச்சாலை, புறவழிச்சாலை, நான்குவழி என்று ஏதாவது ஒரு சாலை வேலை நடந்துகொண்டே இருக்கிறது. அறிவிப்பு வந்த கொஞ்ச நாளில் தோட்டத்துக்குள் இரண்டு பேர் வருவார்கள். ஒருவர் கையில் இரண்டு மீட்டர் கம்பம் இருக்கும். அதன் தலையில் கவிழ்த்த கிண்ணம் போல ஒரு கருவி, நடுவில் செல்போன் அளவுக்கு ஒரு திரை. இதற்குப் பெயர்தான் ரோவர். ஓரிடத்தில் சில விநாடி நிற்பார்கள், திரையைத் தட்டுவார்கள், அடுத்த இடத்துக்கு நகர்வார்கள். சங்கிலி கிடையாது, டேப் கிடையாது. அவர்கள் போன பிறகு பார்த்தால் வரப்பில் ஒரு மரமுளை நிற்கும்.

"ஏனுங்க, கல்லு வேலியோரம் இருக்குது, நீங்க இங்க வந்து முளை அடிக்கறீங்க?" என்ற கேள்வியில்தான் தகராறு தொடங்குகிறது. பையன் செல்போனில் வரைபடத்தைத் திறந்து காட்டுவான். அது மூன்றாவதாக ஓரிடத்தைக் காட்டும். ஒரே எல்லைக்கு மூன்று இடம் எப்படி வரும்? செயற்கைக்கோள் என்ன அளக்கிறது, எதை அளக்கவே முடியாது என்பதைப் பிரித்துப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீரும்.

1. தூரத்தை நேரமாக அளப்பது

அமெரிக்காவின் ஜிபிஎஸ், ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ, நம் இஸ்ரோவின் நாவிக் எல்லாம் ஒரே அடிப்படையில் இயங்குகின்றன. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றுகின்றன. ஒவ்வொன்றும் "நான் இந்த இடத்தில் இருக்கிறேன், இப்போது மணி இது" என்று ரேடியோ அலையில் சொல்லிக்கொண்டே இருக்கும். அலை கிளம்பிய நேரத்துக்கும் கருவிக்கு வந்து சேர்ந்த நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை ஒளியின் வேகத்தால் பெருக்கினால் தூரம் கிடைத்துவிடும்.

இதில் நேரம்தான் உயிர். ஒரு விநாடியை நூறு கோடியாகப் பிரித்து அதில் ஒரு பங்கு தவறினாலே தூரத்தில் 30 செ.மீ. தவறும். செயற்கைக்கோளில் அணுக்கடிகாரம் இருக்கிறது, கையில் இருக்கும் கருவியில் அது இல்லை. அதனால் கருவியின் கடிகாரப் பிழையும் கண்டுபிடிக்க வேண்டிய ஒன்றாகிவிடுகிறது. நீளம், அகலம், உயரம், நேரம் என்று தெரியாதவை நான்கு. குறைந்தது நான்கு செயற்கைக்கோள்கள் தேவைப்படுவது இதனால்தான்.

2. செல்போனுக்கு ஐந்து மீட்டர், ரோவருக்கு இரண்டு சென்டிமீட்டர்

திறந்த வெளியில் செல்போன் காட்டும் இடம் சுமாராக 3 முதல் 5 மீட்டர் வரை தள்ளி இருக்கலாம். வழி கண்டுபிடிக்க அது போதும், எல்லை பார்க்கப் போதாது. போதாக்குறைக்கு, செல்போன் வரைபடத்தில் பின்னணியாகத் தெரியும் வான்படமே சில மீட்டர் நகர்ந்து ஒட்டப்பட்டிருக்கலாம். இரண்டு பிழையும் சேர்ந்தால் சாலைக் கோடு பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றின் மேல் போவதுபோலத் தெரியும். அதை வைத்துக்கொண்டு யாரோடும் சண்டைக்குப் போக வேண்டாம்.

ரோவர் வேறு வழியில் அளக்கிறது. அலையில் ஏற்றி அனுப்பிய செய்தியை மட்டுமல்லாமல் அலையையே எண்ணுகிறது. ஜிபிஎஸ்ஸின் முதல் அலைவரிசையில் ஒரு அலையின் நீளம் சுமார் 19 செ.மீ. அதற்குள் எந்த இடத்தில் நிற்கிறோம் என்பதைக் கருவியால் மில்லிமீட்டர் கணக்கில் சொல்ல முடியும். சிக்கல் எண்ணிக்கையில்தான். மாட்டுவண்டிச் சக்கரத்தில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டிருக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டி நின்றதும் கோடு மேலே இருக்கிறதா பக்கவாட்டில் இருக்கிறதா என்பது துல்லியமாகத் தெரியும். ஆனால் சக்கரம் எத்தனை சுற்றுச் சுற்றி வந்தது என்பது கோட்டைப் பார்த்துத் தெரியாது. அந்த முழுச்சுற்று எண்ணிக்கையைக் கண்டுபிடிப்பதுதான் இந்தத் தொழில்நுட்பத்தின் மொத்த வேலையும்.

அதற்கு இரண்டு கருவி வேண்டும். இடம் ஏற்கெனவே தெரிந்த ஒரு புள்ளியில் அசையாமல் நிற்பது பேஸ். கம்பத்தில் நடமாடுவது ரோவர். இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே செயற்கைக்கோள்களைப் பார்ப்பதால் வளிமண்டலம் செய்யும் குளறுபடி இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருக்கும். பேஸுக்குத் தன் இடம் தெரியும் என்பதால் குளறுபடி எவ்வளவு என்று கணக்கிட்டு ரோவருக்கு அனுப்பிவிடுகிறது. உடனுக்குடன் திருத்திக்கொள்ளும் இந்த முறையைத்தான் ஆர்டிகே என்கிறார்கள். நம் ஊரில் எல்லாவற்றையும் மொத்தமாக 'டிஜிபிஎஸ் சர்வே' என்றே சொல்லிவிடுவது வழக்கம்.

ரோவர் திரையில் மூன்று நிலை வரும்:

1. சிங்கிள்: பேஸ் உதவி இல்லை. செல்போனைவிடக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான்.
2. ஃப்ளோட்: அலை எண்ணிக்கை இன்னும் முடிவாகவில்லை. பிழை சில பத்து சென்டிமீட்டராகவோ அதற்கு மேலோ இருக்கலாம்.
3. ஃபிக்ஸ்: எண்ணிக்கை முடிவாகிவிட்டது. கிடைமட்டத்தில் 1 முதல் 2 செ.மீ., உயரத்தில் அதைப்போல இரண்டு மடங்கு.

பேஸிலிருந்து விலக விலகத் துல்லியம் குறையும். ஒரு கிலோமீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர் என்பது தோராயமான கணக்கு. இப்போது பல இடங்களில் தனி பேஸ் வைப்பதே இல்லை. சர்வே ஆஃப் இந்தியா நிரந்தரமாக நிறுவியிருக்கும் கோர்ஸ் என்ற நிலையங்களிலிருந்து இணையம் வழியாகத் திருத்தத்தை வாங்கிக்கொள்கிறார்கள். ரோவருக்குள் ஒரு சிம் கார்டு இருந்தால் போதும். 2021 பிப்ரவரியில் மத்திய அரசு வரைபட விதிகளைத் தளர்த்தி, இந்திய நிறுவனங்கள் முன் அனுமதி இல்லாமலே நுணுக்கமாக அளக்கலாம் என்று சொன்ன பிறகு தனியார் அளவைக் குழுக்கள் கையில் ரோவர் சகஜமாகிவிட்டது.

3. பேஸ் பொய் சொன்னால் ரோவரும் பொய் சொல்லும்

இது வெளியில் அதிகம் பேசப்படாத விஷயம். ரோவர் தருவது பேஸிலிருந்து எவ்வளவு தூரம், எந்தத் திசை என்பதை மட்டும்தான். பேஸின் இடத்தையே யாராவது அவசரத்தில் 'சிங்கிள்' நிலையில் எடுத்துப் பதிந்திருந்தால், அன்று அளந்த எல்லாப் புள்ளியும் இரண்டு மூன்று மீட்டர் ஒன்றாகத் தள்ளிப்போகும். திரை அப்போதும் 'ஃபிக்ஸ், 1 செ.மீ.' என்றே காட்டும். புள்ளிகளுக்கு இடையே உள்ள தூரமும் டேப் பிடித்துப் பார்த்தால் சரியாகவே வரும். தப்பு வெளியே தெரியாது.

சாலையோரம் 200 மீட்டர் நீளமுள்ள தோட்டத்தில் கோடு 2 மீட்டர் உள்ளே வந்தால் 400 சதுர மீட்டர், அதாவது கிட்டத்தட்ட 10 சென்ட். இதைப் பிடிக்க ஒரே வழி, இடம் தெரிந்த இன்னொரு கட்டுப்பாட்டுப் புள்ளியில் ரோவரை வைத்துச் சரிபார்ப்பது. நல்ல சர்வேயர் வேலையைத் தொடங்கும்போதும் முடிக்கும்போதும் அதைச் செய்வார்.

இன்னொரு சின்ன வேடிக்கை: இந்தியா உட்கார்ந்திருக்கும் நிலத்தட்டு வருடத்துக்கு சுமார் 5 செ.மீ. வடகிழக்காக நகர்கிறது. பத்து வருடத்துக்கு முன் அளந்த கோப்பையும் இன்று அளந்ததையும், எந்தக் காலத்துக் கணக்கு என்று பார்க்காமல் ஒட்டினால் அரை மீட்டர் இடிக்கும். நிலம் ஓடிப்போய்விட்டது என்று சொல்வது இங்கே நிஜமாகவே உண்மை.

4. எஃப்எம்பியில் அட்சரேகை கிடையாது

இதுவரை சொன்னது கருவியின் கதை. தகராறின் வேர் வேறு இடத்தில் இருக்கிறது.

தமிழ்நாட்டில் ஒரு நிலத்தின் எல்லையைச் சொல்வது புலப்படம், அதாவது எஃப்எம்பி. ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் ஒரு தாள். அதில் அட்சரேகையும் இல்லை, தீர்க்கரேகையும் இல்லை. இருப்பது கற்களும் கற்களுக்கு இடையே உள்ள நீளங்களும்தான். புலத்தை முக்கோணங்களாகப் பிரிக்கும் குறுக்குக் கோட்டை 'ஜி லைன்' என்பார்கள். அந்தக் கோட்டில் இவ்வளவு தூரம் நடந்து, அங்கிருந்து செங்குத்தாக இவ்வளவு தூரம் போனால் எல்லை வளையும் இடம் வரும். அந்தச் செங்குத்து அளவுதான் ஆஃப்செட். பழைய படங்களில் அளவு லிங்க் கணக்கில் இருக்கும். 66 அடிச் சங்கிலியில் 100 லிங்க், ஆக ஒரு லிங்க் சுமார் 20 செ.மீ.

ஆக, எஃப்எம்பி ஒவ்வொன்றும் தனித்தனித் தீவு. இந்தத் தாளையும் அடுத்த தாளையும் சேர்த்து வைத்தால் நடுவில் இடைவெளியோ மேலேறலோ வருவது சகஜம். சங்கிலி தொய்ந்திருக்கும், மேடு பள்ளத்தில் இழுத்திருப்பார்கள், படியெடுத்தவர் 6ஐ 0 என்று எழுதியிருப்பார். வேலி போட்டு நிம்மதியாகப் பயிர் செய்யும்வரை இது யாருக்கும் தெரியாது. சாலை வந்து எல்லாத் தாளையும் ஒரே வரைபடத்தில் ஒட்டச் சொல்லும்போதுதான் வெளியே வருகிறது.

கிட்டத்தில் ஒன்றைப் பார்ப்போம். உதாரணத்துக்கு 145/2 என்று ஒரு புலம். எஃப்எம்பியில் இரண்டு கற்களுக்கு நடுவே 642 லிங்க், அதாவது 129.15 மீட்டர். சர்வேயர் கிளுவை வேலியின் அடியில் கடப்பாரையால் குத்திப் பார்க்கிறார். டங் என்று சத்தம். மண்ணை விலக்கினால் பழைய கல்லின் தலை. அதன் மேல் கம்பத்தை வைத்து, குமிழி நடுவில் நிற்கும்வரை பொறுத்து, 'ஃபிக்ஸ்' வந்ததும் பதிகிறார். அடுத்த கல்லிலும் அப்படியே. திரை சொல்லும் தூரம் 128.70 மீட்டர். 45 செ.மீ. குறைகிறது.

இப்போது எது தப்பு? ரோவர் சொன்ன தூரம் சரியாகத்தான் இருக்கும். ஆனால் அந்தக் காலத்தில் நட்ட இடத்திலேயே கல் இருக்கிறதா, டிராக்டர் ஓட்டும்போது பெயர்ந்து மறுபடி நட்டதா என்பதைச் செயற்கைக்கோளால் சொல்ல முடியாது. அந்தக் கல்லைச் சுற்றியுள்ள மற்ற கற்களையும் பிடிக்க வேண்டும். மூன்று கிராமங்களோ மூன்று புலங்களோ சேரும் முச்சந்திக் கல் கிடைத்தால் இன்னும் நல்லது. நான்கைந்து கல் ஒன்றுக்கொன்று பொருந்தி, ஒன்று மட்டும் முரண்டு பிடித்தால் முரண்டுகிற கல்லில்தான் கோளாறு. எல்லாமே ஒரே விகிதத்தில் குறைந்தால் பழைய சங்கிலியில் கோளாறு. இதைத் தீர்மானிப்பது சர்வேயரின் அனுபவம், கருவி அல்ல.

45 செ.மீ. என்பது சின்னதாகத் தெரியும். சாலை முகப்பு 200 மீட்டர் இருந்தால் அதுவே 90 சதுர மீட்டர், 2 சென்ட்டுக்கு மேல். பல்லடம், அவிநாசி பக்கத்து இன்றைய விலையில் இரண்டு சென்ட்டை யாரும் லேசில் விடமாட்டார்கள்.

5. கொங்கு நாட்டைப் பிளக்கும் 78 பாகை

பூமி உருண்டை, காகிதம் தட்டை. உருண்டையைத் தட்டையாக்க உலகம் முழுக்கப் பயன்படுவது யூடிஎம் என்ற முறை. பூமியை 6 பாகை அகலப் பட்டைகளாக வெட்டி, ஒவ்வொரு பட்டையையும் தனித்தனியாகத் தட்டையாக்குவார்கள். அந்த வெட்டுக்கோடுகளில் ஒன்று 78 பாகை கிழக்குத் தீர்க்கரேகை. அது நேராகக் கொங்கு நாட்டின் குறுக்கே போகிறது. கோவை, திருப்பூர், ஈரோடு 43ஆம் பட்டையில். சேலம், நாமக்கல், கரூர் 44ஆம் பட்டையில். 1802இல் சென்னை பரங்கிமலையருகே அளவையைத் தொடங்கிய ஆங்கிலேய அளவையாளர் வில்லியம் லாம்டன் தன் பெரிய முக்கோணச் சங்கிலியை இதே 78 பாகையை ஒட்டித்தான் வடக்கும் தெற்குமாக நீட்டினார். அதற்கும் பட்டை வெட்டுக்கும் தொடர்பில்லை, தற்செயல்தான்.

கோவையிலிருந்து கரூர் போகும் சாலை கரூரை நெருங்கும்போது இந்தக் கோட்டைத் தாண்டும். பட்டைக்குள் கிழக்குப் பக்கம் எவ்வளவு தூரம் என்று சொல்வது கிழக்குத்தூர எண். கோட்டின் மேற்கே அது 8,28,000 மீட்டரை ஒட்டி இருக்கும். கோட்டைத் தாண்டினால் 1,72,000 மீட்டருக்குக் குதிக்கும். இரண்டு குழுக்கள் இரண்டு பட்டையில் அளந்து, ஒரே கோப்பில் கொட்டினால் சாலை அறுநூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல் தள்ளிப் போய்விடும். அது கண்ணுக்குத் தெரிகிற தப்பு, உடனே பிடித்துவிடலாம்.

கண்ணுக்குத் தெரியாதது நீட்சி. பட்டையின் நடுவில் ஒரு கிலோமீட்டர் காகிதத்தில் 40 செ.மீ. குறைவாக வரும், ஓரத்துக்குப் போகப்போகக் கூடுதலாகும். கடல்மட்ட உயரத்தையும் சேர்த்துப் போட்டால் நிலவரம் சுமாராக இப்படி:

1. கோவையில் தரையில் 1 கி.மீ. காகிதத்தில் 10 செ.மீ. சொச்சம் கூடும்.
2. ஈரோட்டில் 65 செ.மீ. சொச்சம்.
3. கரூரில் 80 செ.மீ.க்கு மேல்.

கரூரில் 30 மீட்டர் பாலக்கண்ணுக்கு இது 2.5 செ.மீ. பாலம் கட்டுகிறவருக்கு இது பெரிய விஷயம். பரப்பில் ஏக்கருக்கு 7 சதுர மீட்டரை ஒட்டி வரும், ஒரு சென்ட்டில் ஆறில் ஒரு பங்கு. காகிதப் பரப்பு கூடுதலாக வருவதால் இழப்பீட்டில் நிலத்துக்காரருக்கு இது துளி லாபம்தான். ஆனால் பட்டாவில் இருப்பது தரைப்பரப்பு. அதிலிருந்து சாலைக்கு எடுத்த காகிதப் பரப்பைக் கழித்தால் மிச்ச நிலம் கணக்கில் குறைந்துபோகும். அதனால் நல்ல திட்டங்களில் அந்தந்த ஊருக்கேற்ற திருத்த எண்ணால் தரைக் கணக்குக்கு மாற்றிவிடுவார்கள்.

6. உயரம்: 90 மீட்டர் வித்தியாசம்

கோவை கடல்மட்டத்துக்கு மேல் 400 மீட்டர் சொச்சம் என்று படித்திருப்போம். ரோவரின் திருத்தாத கணக்கு 320ஐ ஒட்டிக் காட்டும். கருவி கெடவில்லை. செயற்கைக்கோள் உயரத்தை அளப்பது கணக்குக்காக வைத்த ஒரு வழவழப்பான உருண்டையிலிருந்து. கடல்மட்டமோ பூமியின் ஈர்ப்பு இழுக்கிற மாதிரி மேடுபள்ளமாக இருக்கிறது. உலகத்திலேயே ஆழமான ஈர்ப்புப் பள்ளம் இந்தியப் பெருங்கடலில், நமக்குத் தெற்கே இருக்கிறது. அங்கே கடல்மட்டம் அந்த உருண்டையைவிட 100 மீட்டருக்கு மேல் தாழ்ந்திருக்கும். நம் பக்கம் 90 மீட்டரை ஒட்டி.

இதற்கான திருத்த அட்டவணை கருவிக்குள் இருக்கும். இருந்தாலும் சாலையின் இறுதி மட்டத்தை ரோவரை நம்பி முடிக்கக் கூடாது. 3.5 மீட்டர் அகலத் தடத்தில் மழைநீர் வழிய 2.5 சதவீதச் சரிவு என்றால் மொத்த இறக்கமே 9 செ.மீ.க்குள்தான். ரோவர் உயரத்தில் 3 செ.மீ. தடுமாறினால் சரிவில் மூன்றில் ஒரு பங்கு போச்சு. கீழ்பவானி வாய்க்கால் சுமார் 200 கி.மீ. தூரம் சம உயரக் கோட்டை ஒட்டியே போகிறது. அதைத் தாண்டும் குழாய்ப் பாலத்தின் அடிமட்டம் தப்பினால் கடைமடைக்குத் தண்ணீர் ஏறாது. அங்கெல்லாம் முக்காலியில் வைத்து மட்டம் பார்க்கும் பழைய ஆட்டோ லெவலும் அளவுகோலும்தான் இன்றைக்கும்.

7. தென்னை, தகரம், அந்திநேரம்

பொள்ளாச்சி, ஆனைமலைத் தென்னந்தோப்புக்குள் ரோவர் 'ஃப்ளோட்'டிலேயே தவிக்கும். மட்டைகள் வானத்தை மறைத்து அலையை உடைக்கின்றன. தோப்புக்கு வெளியே இரண்டு புள்ளிகளை ரோவரால் எடுத்து, உள்ளே முக்காலியில் நின்று கோணமும் தூரமும் அளக்கும் டோட்டல் ஸ்டேஷன் கருவியால் அளப்பதே சரியான முறை. பல்லடம் பக்கத்துக் கோழிப்பண்ணைத் தகரக் கூரை வேறு மாதிரி ஏமாற்றும். அலை தகரத்தில் பட்டுத் திரும்பி வந்தால் நீண்ட வழியை நேர்வழி என்று கருவி நம்பிவிடும்.

மூன்றாவது நம்மைப் போல வெப்பமண்டலத்தில் இருப்பவர்களுக்கு வருவது. பூமியின் காந்த நடுக்கோடு தமிழகத்தின் தென்முனைப் பக்கம் போகிறது. 1963இல் திருவனந்தபுரம் பக்கத்துத் தும்பாவில் ராக்கெட் தளம் வைத்ததே அதற்காகத்தான். அந்தக் கோட்டை ஒட்டிய வானில் சூரியன் மறைந்ததிலிருந்து நள்ளிரவு வரை மின்துகள் அடுக்கு கலங்கி, செயற்கைக்கோள் அலையைத் தடுமாற வைக்கும். மார்ச், ஏப்ரல், செப்டம்பர், அக்டோபரில் அதிகம், சூரியன் கொந்தளிக்கும் வருடங்களில் இன்னும் அதிகம். வெயிலுக்குப் பயந்து இருட்டும் நேரத்தில் அளந்த புள்ளிகளை மறுநாள் காலையில் ஒருமுறை சோதிப்பது நல்லது.

8. நிலத்துக்காரர் கேட்க வேண்டியவை

தேசிய நெடுஞ்சாலை என்றால் 1956ஆம் ஆண்டுச் சட்டப்படி முதலில், நிலம் எடுக்கப் போவதைச் சொல்லும் 3ஏ அறிவிப்பு வரும். ஆட்சேபம் எழுத 21 நாள். அடுத்து வரும் 3டி அறிவிப்போடு நிலம் அரசுடையதாகிவிடும். மாநிலச் சாலைகளுக்கு 2001ஆம் ஆண்டுத் தமிழ்நாடு நெடுஞ்சாலைகள் சட்டம். இரண்டிலும் நிலத்தைக் குறிப்பது சர்வே எண்ணும் பரப்பும்தான், செயற்கைக்கோள் எண் அல்ல. இடையில் வருவாய்த் துறையும் சாலைத் துறையும் சேர்ந்து செய்யும் கூட்டு அளவை என்று ஒரு நாள் உண்டு. என் கணிப்பில் பாதி வழக்குகள் அந்த நாளில் நிலத்துக்காரர் தோட்டத்தில் இல்லாததால் வருபவை.

அன்றைக்குக் கையில் எஃப்எம்பி, பட்டா, சிட்டா நகலோடு நின்று இவற்றைக் கேட்கலாம்:

1. பேஸ் எங்கே, எந்தக் கோர்ஸ் நிலையம்? வேறொரு கட்டுப்பாட்டுப் புள்ளியில் இன்று சரிபார்த்தீர்களா?
2. எங்கள் புலத்தில் எந்தெந்தக் கல்லைப் பிடித்து எஃப்எம்பியைப் பொருத்தினீர்கள்? குறைந்தது மூன்று கல்லாவது இருக்கிறதா?
3. எஃப்எம்பி நீளத்துக்கும் அளந்த நீளத்துக்கும் வித்தியாசம் எவ்வளவு, அதை எப்படிப் பங்கிட்டீர்கள்?
4. பரப்பு தரைக் கணக்கா, யூடிஎம் கணக்கா? எந்தப் பட்டை?
5. மரத்தடியில் எடுத்த புள்ளிகளின் நிலை ஃபிக்ஸா, ஃப்ளோட்டா?

பதிலை வாயால் வாங்காமல் அளவைக் குறிப்பில் எழுதி வாங்க வேண்டும். வித்தியாசம் தெரிந்தால் தாலுகா அலுவலகத்தில் மறு அளவைக்கு மனுக் கொடுக்கலாம். ஒன்றை மட்டும் செய்யக் கூடாது: கோபத்தில் கல்லைப் பிடுங்குவது. 1923ஆம் ஆண்டு நில அளவை, எல்லைகள் சட்டப்படி அது குற்றம். அதைவிட முக்கியம், ரோவர் தப்பு என்று நிரூபிக்க நிலத்துக்காரரிடம் இருக்கும் சாட்சியே அந்தக் கல்தான். முளை அடிக்க வரும் முன்பே கிளுவை வேலியின் அடியில் மண்ணை விலக்கி, கல்லின் தலைக்குச் சுண்ணாம்பு பூசி, கிணறு, மின்கம்பம் இரண்டிலிருந்தும் டேப் பிடித்துத் தேதியோடு எழுதி வைத்துக்கொண்டால் கூட்டு அளவை அன்று கடப்பாரை தேட வேண்டியிருக்காது.